நாலு காலில் வருகிறவர்களும் வரலாம்

நாய்க்குத் தண்ணீர் வைப்பதாக இருந்தால் மண் சட்டியில்தான் வைக்க வேண்டும், வக்கீலம்மா. எவர்சில்வர் கிண்ணம் பார்ப்பதற்குப் பளபளவென்று இருக்கும். ஆனால் மார்ச் மாத வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலே தண்ணீர் சுட்டுவிடும். எந்த நாயும் அதில் வாய் வைக்காது. எங்கள் தோட்டத்துக்கு நாயோடு வருகிறவர்கள் முதலில் பாராட்டுவது அந்த மண் சட்டிகளைத்தான். ஒயினைப் பற்றிய பேச்செல்லாம் அப்புறம்.

என் பெயர் ஒலெகாரியோ பெர்த்துஸி; ஊரில் மரியாதைக்கு 'தோன்' என்று கூப்பிடுவார்கள். துப்புங்காத்தோ மலையடிவாரத்தில் என் தாத்தா நட்ட திராட்சைத் தோட்டமும் அதை ஒட்டிய ஒயின் ஆலையும் இன்றைக்கும் என் பெயரில்தான் இருக்கின்றன. நீங்கள் ஆள் அனுப்பி நான் வரவில்லை. நானாகத்தான் பஸ் ஏறி மெந்தோசாவில் உங்கள் அரசு வக்கீல் அலுவலகத்துக்கு வந்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரிகையில் 'அறுவடைக் கால விபத்து' என்று போட்டிருந்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. 'உரிமையாளரின் கவனக்குறைவு' என்றும் சேர்த்திருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அறுவடை தொடங்கித் தொட்டிகளில் சாறு பொங்கும் வாரங்களில் நிலவறைக்குள் ஒரு வாயு இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். பக்கத்துத் தோட்டங்களில் சில வருடங்களுக்கு ஒரு முறை எவனாவது தொட்டி கழுவ இறங்கி விழுவான். அவனைத் தூக்க இறங்கிய தம்பியும் அவன் மேலேயே விழுவான். எங்கள் இடத்தில் என் தாத்தா காலத்திலிருந்து ஓர் ஆள்கூட விழுந்ததில்லை. காரணம், மெழுகுவர்த்தி. அந்த வாரங்களில் நிலவறையில் இறங்குகிறவன் ஏற்றிய மெழுகுவர்த்தியை முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டுதான் படி இறங்க வேண்டும். சுடர் அணைந்தால் பேசாமல் மேலே ஏறிவிட வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் வந்த பிறகும் இந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. அப்படிப்பட்ட என்னைப் போய்க் கவனக்குறைவு என்றால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

நாய்களை வரவிட்டது என் யோசனை இல்லை. என் மனைவி நெலிதாவின் யோசனை. அதைச் சொல்ல வேண்டுமானால் மூன்று வருடம் பின்னால் போக வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் கொடிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது டிராக்டர் படியிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டேன். அறுவை சிகிச்சை, அதன்பின் நடைப் பயிற்சி என்று நான்கு மாதம் இந்த நகரத்தில் என் சகோதரி வீட்டில் கிடந்தேன். தோட்டத்தை நெலிதாவும் எங்கள் ஆள் ஹசிந்தோவும் பார்த்துக்கொண்டார்கள். நான் கிளம்பின வாரம்தான் எங்கள் நாய் லோபா குட்டி போட்டிருந்தது. ஐந்து குட்டிகள். போனில் ஹசிந்தோவைக் கூப்பிட்டு வாய்க்காலில் விட்டுவிடச் சொன்னேன். எங்கள் பக்கம் அது வழக்கம்தான், முகம் சுளிக்காதீர்கள். கண் திறப்பதற்குள் செய்துவிட்டால் அதுகளுக்கு ஒன்றும் தெரியாது. உயிரினங்கள் அவதிப்படுவதை என்னால் பார்க்க முடியாது.

நான் ஊன்றுகோலோடு வீடு திரும்பியபோது லோபா இன்னும் விறகுக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி மோப்பம் பிடித்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது. நான்கு மாதத்துக்குப் பிறகும் ஒரு நாய் குட்டிகளைத் தேடுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வாடிக்கையாளர்கள் வருகிற இடத்தில் ஊளை நன்றாகவா இருக்கும். ஒரு நாள் காலையில் அதைக் கொடி வரிசைகளுக்குப் பின்னால் கூட்டிப்போய் அதன் வேதனையை முடித்துவைத்தேன். ஒரே தோட்டாதான். நெலிதா சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் அவளிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். எங்கள் ஊரில் மனைவி கணவனைக் 'கெழவா' என்றுதான் கூப்பிடுவாள், கணவனுக்கு இருபத்தைந்து வயது ஆகும்போதே. நெலிதாவும் கல்யாணமான புதிதிலிருந்து 'ஏ கெழவா, வந்து சாப்பிடு' என்றுதான் கூப்பிட்டு வந்தாள். இப்போது 'நீங்க', 'வாங்க' என்று ஆரம்பித்துவிட்டாள். மரியாதை இல்லாத மனைவியைச் சமாளித்துவிடலாம். திடீரென்று மரியாதை வந்துவிட்ட மனைவியிடம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

அந்த வசந்தத்தில் ஒரு நாள் காலை எனக்கு மாத்தே இலைத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"வர்றவங்க நாயையும் கூட்டிட்டு வரட்டுமே. இப்பெல்லாம் எல்லாரும் புள்ளையாட்டம் வளக்கறாங்க. அதை வீட்ல விட்டுட்டு வர மனசில்லாம பாதிப் பேரு வராமலே இருந்துடறாங்க."

"திராட்சையத் தின்னுட்டு சிறுநீரகம் கெட்டுச் செத்துச்சுன்னா? கேஸ் போடுவான்."

"பழம் இருக்கிற மாசம் வரிசைக்குள்ள விடாம பாத்துக்கலாம்."

"இது தோட்டமா, நாய்ச் சந்தையா?"

"நீங்க வேணாம்னா வேணாம்."

அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. சரி என்றேன். அன்றைக்கே அவள் ஒரு பலகையை எடுத்து நீலப் பெயிண்டில் 'நாலு காலில் வருகிறவர்களும் வரலாம்' என்று எழுதி, நெடுஞ்சாலையிலிருந்து தெரியும்படி பாப்லர் மரத்தில் அடித்தாள். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எங்கே வேண்டுமானாலும் நாய்கள் போகட்டும், நிலவறைக்கு மட்டும் கூடாது. சுத்தத்துக்காகச் சொல்கிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அதற்காக இல்லை. நாயின் மூக்கு தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த வாயு இருந்தால் முதலில் விழுவது நாய்தான்.

வியாபாரம் கூடியது, மறுக்க மாட்டேன். நாயோடு வருகிறவன் சீக்கிரம் எழுந்து போக மாட்டான். நாய் நிழலில் தூங்கிவிட்டால் அதை எழுப்ப மனமில்லாமல் இன்னொரு பாட்டிலைத் திறக்கச் சொல்வான். நெலிதாவைத்தான் எனக்குப் புரியவில்லை. கார் நிற்கும் சத்தம் கேட்டால் போதும், கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வெளியே வருவாள். ஆட்களைப் பார்க்க மாட்டாள். குனிந்து நாயின் இடது முன்னங்காலைப் பிடித்து 'கை குடு' என்பாள். ஒரு வினாடி பார்ப்பாள். பிறகு விட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். எந்த நாய் வந்தாலும் இதேதான். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் நாய்களைப் பார்க்கத் தொடங்கினேன், வேறு காரணத்துக்காக. மனிதன் தன் முகத்தை அடக்கிவைத்துக்கொள்வான். நாயின் வாலை அடக்கிவைக்க அவனால் முடியாது. தலைநகரத்திலிருந்து ஒரு ஜோடி வந்தது. தேனிலவு என்றார்கள். அவன் அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்தபோதெல்லாம் அவளுடைய நாய் பல்லைக் காட்டியது. ஒரு மாதம் கழித்து அவளுடைய உண்மையான கணவன் அதே நாயோடு வந்து உட்கார்ந்தான். நாய் அவன் காலடியில் சுருண்டு தூங்கியது. இன்னொருவன் சுற்றுலாப் பயணி என்று சொல்லிக்கொண்டு வந்தான். அவனுடைய நாய் நேரே பிழியும் இயந்திரத்தின் பக்கத்தில் போய், சக்கை விழும் இடத்தில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தது. ஒயின் ஆலையில் வளர்ந்த நாய்தான் அப்படி உட்காரும். விசாரித்தால், ஆள் எனக்குப் போட்டியாக மலைக்கு அந்தப் பக்கம் ஆலை வைத்திருக்கிறவன். ஆக, எனக்கு இதில் தேர்ச்சி இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இது முக்கியம்.

ரமிரோ சால்குவேரோ வந்தது இந்த அறுவடையின் ஆரம்பத்தில், ஒரு சனிக்கிழமை. நாற்பது வயது இருக்கும். சான் ரஃபாயேலில் வீடு, நெடுந்தூர பஸ் ஓட்டுகிற வேலை. மனைவி இறந்துவிட்டாள், நானும் இதுவும்தான் வீட்டில் என்று நாயைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னான். பழுப்பு நிறப் பெட்டை நாய், மிகா என்று பெயர்.

"இந்த வழியாத்தான், தோன், பஸ் ஓட்டறேன். உங்க பலகையப் பாக்கும்போதெல்லாம் நினைப்பேன், ஒரு நாள் மிகாவைக் கூட்டிட்டு வரணும்னு. இன்னைக்குத்தான் வாய்ச்சுது. இதுதான் முதல் தடவை."

நான் அவன் பேச்சைக் கேட்கவில்லை. நாயைப் பார்த்தேன். புதிய இடத்துக்கு வருகிற நாய் முதலில் வாசல் கம்பத்தை நனைக்கும், ஓரமாகவே சுற்றும், மேசைகளுக்கு அடியில் முகரும். மிகா அது ஒன்றையும் செய்யவில்லை. வாரைக் கழற்றியதும் மேசைகளுக்கு நடுவில் புகுந்து, வாய்க்காலைப் பலகைப் பாலம் இருக்கிற இடத்தில் சரியாகக் கடந்து, கொட்டகையைச் சுற்றி, நேரே பின்பக்கச் சமையலறைக் கதவுக்குப் போனது. வாடிக்கையாளர் எவருக்கும் அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது. அங்கே நின்று கதவின் கீழ் மூலையை இரண்டு முறை பிறாண்டியது.

நெலிதா கதவைத் திறந்தாள். நாய் அவள் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அவள் அதன் காலைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, நாயையும் பார்க்காமல் அதன் சொந்தக்காரனையும் பார்க்காமல், நான் எங்கே நிற்கிறேன் என்று தேடினாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"யாரோட நாயோ, பாருங்களேன். வழி தெரியாம வந்துடுச்சு" என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக.

வழி தெரியாமல் வந்த நாய்க்கு அவள் பாலாடைக்கட்டியின் ஓரத்தை வெட்டிக் கொடுத்தாள்.

நான் கறி வைத்துச் சுட்ட எம்பனாதாத் தட்டை எடுத்துக்கொண்டு போய் ரமிரோவின் மேசையில் வைத்தேன். சூடாக இருக்கும்போதே சாப்பிடச் சொன்னேன். மனதுக்குள் மட்டும் கணக்குப் போட்டேன். நாய்க்கு மூன்று வயதாகிறது என்று அவனே சொன்னான். இந்த வீட்டுச் சமையலறைக்கு ஒரு நாய் பழக வேண்டுமானால் வாரக்கணக்கில் இங்கே கிடந்திருக்க வேண்டும். நான் இருக்கும்போது அப்படி ஒரு நாய் இங்கே கிடக்கவில்லை. ஆகவே நான் இல்லாத அந்த நான்கு மாதத்தில்தான் அது நடந்திருக்க வேண்டும். இதில் எங்கேயாவது தப்பு இருக்கிறதா, வக்கீலம்மா? நீங்களே யோசித்தாலும் இங்கேதான் வந்து நிற்பீர்கள்.

மறுநாள் ஹசிந்தோவைத் தனியாகப் பிடித்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"நான் ஆஸ்பத்திரில கெடந்தப்போ வீட்ல யாரு இருந்தா?"

"யாரும் இல்லையே தோன். அம்மா மட்டும்தான்."

"நாய் ஏதாவது?"

அவன் குழாயைக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுத்தான். "லோபா இருந்துச்சு. வேற எந்த நாயி?"

அவனும் பொய் சொல்கிறான் என்று தெரிந்தது. அவன் எப்போது பொய் சொன்னாலும் கைக்கு வேலை கொடுப்பான். இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியாத ஒன்று மற்ற எல்லோருக்கும் தெரியும் என்றால் அது எவ்வளவு பெரிய அவமானம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லப்போனால் அவமானம்கூட இல்லை, பயம்தான். நெலிதா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. படுக்கையில் அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே விழித்துக் கிடந்தேன்.

அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம் என்பீர்கள். கேட்டால் சொல்வாளா? நான் அவள் மேல் கை ஓங்கியதே இல்லை, அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம். கல்யாணமான புதிதில் என்னைக் கேட்காமல் தன் தங்கைக்கு ஏதோ கொடுத்துவிட்டாள் என்று ஒரு வருடம் அவளோடு பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். அவள் ஆசையாக வாசித்துக்கொண்டிருந்த பியானோவை ஒரு முறை விற்றேன். இதெல்லாம் எந்தக் குடும்பத்தில் இல்லை. இதற்காக ஒருத்தி கணவனிடம் உண்மையைச் சொல்ல அஞ்சுவாளா?

அடுத்த சனிக்கிழமையும் அவன் வந்தான். முதல் தடவை வந்தவன் ஒரே வாரத்தில் திரும்பி வருவது எங்கள் தோட்டத்தில் நடந்ததில்லை. எங்கள் மால்பெக் ஒயின் நன்றாக இருக்கும், ஆனால் அவ்வளவு நன்றாக இருக்காது. கையில் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். நெலிதாவிடம் கொடுத்தான். அவள் அதை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளர் எவருக்கும் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். தன் சொந்த மாத்தே சுரைக்குடுவையைக் கொண்டுவந்து, தான் உறிஞ்சிய அதே குழலில் அவனுக்கும் ஊற்றிக் கொடுத்தாள். மாத்தேயைப் பகிர்ந்துகொள்வதில் தவறு இல்லை, எங்கள் ஊரில் போலீஸ்காரனும் திருடனும்கூட ஒரே குழலில் உறிஞ்சுவார்கள். ஆனால் சர்க்கரை போட்டிருந்தாள். எங்கள் வீட்டில் கசப்பாகத்தான் குடிப்பது. சர்க்கரை டப்பாவைத் தேடி எடுத்திருக்கிறாள், பாருங்கள்.

பீப்பாய்களுக்குப் பின்னால் நின்று காது கொடுத்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை; என் பீப்பாய்கள், என் வீடு.

"அவருக்குத் தெரிய வேணாம்" என்றாள் நெலிதா. "உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்."

"எனக்கென்னம்மா, நான் சொல்ல மாட்டேன். ஆனா எத்தனை நாளைக்கு மறைப்பீங்க? நல்லவராத்தான தெரியறாரு. சொன்னா சந்தோசப்படுவாரு."

"உங்களுக்கு அவரைத் தெரியாது. நீங்க வந்து போயிட்டு இருந்தாப் போதும். எனக்கு அது போதும்."

எனக்கு அது போதும் என்றாள். என் வாழ்நாளில் என்னைப் பற்றி அவள் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. பிறகு வெளியே வந்து, சிரித்த முகத்தோடு ரமிரோவிடம் சொன்னேன், அடுத்த வாரம் வந்தால் நிலவறையைக் காட்டுகிறேன், எல்லோருக்கும் காட்டுவதில்லை என்று. அவனுக்கு ஒரே மகிழ்ச்சி.

அவன் வந்த அந்த மூன்றாவது சனிக்கிழமை தொட்டிகளெல்லாம் நன்றாகப் பொங்கிக்கொண்டிருந்தன. ஹசிந்தோவை மதியச் சாப்பாட்டுக்குச் சீக்கிரமாகவே அனுப்பினேன். நெலிதா முன்பக்கத்தில் ஒரு பெரிய கூட்டத்துக்குச் சொரிசோ இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தாள். எக்ஸாஸ்ட் ஃபேனைக் காலையிலேயே நிறுத்திவிட்டேன். ரமிரோ கேட்டிருந்தால் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று சொல்வதாக இருந்தேன். அவன் கேட்கவில்லை. பஸ் ஓட்டுகிறவனுக்கு ஃபேன் இருப்பதும் தெரியாது, இல்லாததும் தெரியாது.

நிலவறைக் கதவருகே மெழுகுவர்த்தியை ஏற்றினேன். வழக்கமாகப் பிடிக்கிற தாழ்ந்த கம்பித் தாங்கியை எடுக்கவில்லை. விருந்தாளிகளுக்காக நெலிதா வாங்கி வைத்திருந்த பித்தளைத் தாங்கியை எடுத்து ரமிரோவிடம் கொடுத்தேன். அதை முகத்துக்கு நேரே தூக்கித்தான் பிடிக்க வரும்.

"ஒசத்திப் புடிங்க. செவுத்துல எங்க தாத்தா செதுக்கின எழுத்தெல்லாம் இருக்கு, நல்லாத் தெரியும்."

மிகாவும் கூடவே வரப் பார்த்தது. அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இதுக்கு மட்டும் கீழ அனுமதி இல்ல."

"அதுவும் பாக்கட்டுமே தோன். என்னை விட்டு ஒரு நிமிசம் இருக்காது."

"வேணாம். அதுக்கு ஒத்துக்காது."

நாய் முன்னால் இறங்கியிருந்தால் கடைசிப் படியிலேயே தள்ளாடியிருக்கும், அவன் திரும்பி ஓடி வந்திருப்பான். அது மட்டும் காரணமில்லை. அந்த நாய்க்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று நான் உண்மையாகவே நினைத்தேன். அது ஒரு தப்பும் செய்யவில்லையே.

கடைசியாக ஒரு வாய்ப்பும் கொடுத்தேன். நியாயமான மனிதன் அதைக் கொடுக்க வேண்டும்.

"ரமிரோ, உண்மையச் சொல்லுங்க. மூணு வருசம் முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?"

"இல்லையே" என்றான். ஆனால் அவன் கண் ஒரு கணம் சமையலறைப் பக்கம் போய் வந்தது. இரண்டு படி இறங்கியவன் திரும்பி நின்று சிரித்தான். "தோன் ஒலெகாரியோ, உங்ககிட்ட ஒண்ணு சொல்லியே ஆகணும். அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க. ஆனா இப்படி உபசரிக்கறீங்க, மறைக்கறது எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. மேல வந்ததும் சொல்றேன். கேட்டா சிரிப்பீங்க."

நான் சிரிப்பேனாம். அதற்குமேல் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

"கீழ கடைசில ஒரு அலமாரி இருக்கு. அடி வரிசைல, மூலைல இருக்கற பாட்டில எடுத்துக்கிட்டு வாங்க. எங்க கல்யாண வருசத்து ஒயினு. உங்களோட குடிக்கணும்."

"அதையா? எனக்கா? இதெல்லாம் ரொம்ப அதிகம் தோன்."

இறங்கிப் போனான். சுடர் அவன் முகத்துக்கு நேரே நன்றாகத்தான் எரிந்தது. அலமாரிக்குப் போய்ச் சேர்ந்ததும் வெளிச்சம் கீழே தாழ்ந்தது. அடி வரிசைக்குக் குனிகிறான் என்று புரிந்தது. பிறகு வெளிச்சம் இல்லை. ஒரு பாட்டில் உடையும் சத்தம் மட்டும் கேட்டது. நல்ல வருடத்து ஒயின் அது.

கதவைச் சாத்தினேன். மிகா கதவின் கீழ் மூலையைப் பிறாண்டத் தொடங்கியது, சமையலறைக் கதவைப் பிறாண்டின அதே மாதிரி. முதலில் மெதுவாக, பிறகு நகம் பெயரும்படி. அதைச் சமாதானப்படுத்துவதற்காகச் சட்டியில் புதுத் தண்ணீர் மொண்டு வைத்தேன். அது திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் நெலிதா வந்தாள். கையில் வறுக்கிற கரண்டி அப்படியே இருந்தது. நாயைப் பார்த்தாள், சாத்திய கதவைப் பார்த்தாள், சுவரில் அணைந்திருந்த ஃபேன் சுவிட்சைப் பார்த்தாள். சுவிட்சைப் போட்டுவிட்டுக் கதவைப் பிடித்து இழுத்தாள். இறங்கப் போனவளை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினேன். ஒருவர் விழுந்த இடத்தில் அவசரப்பட்டு இன்னொருவர் இறங்குவதுதான் பக்கத்துத் தோட்டத்து முட்டாள்தனம் என்று முன்பே சொன்னேன். நான் பிடிக்காவிட்டால் நெலிதா இன்றைக்கு உயிரோடு இல்லை. இதை யாரும் பத்திரிகையில் எழுதவில்லை.

ஹசிந்தோ வந்து, காற்று சுத்தமாகி, ரமிரோவை மேலே கொண்டுவந்து கிடத்தியபோது எல்லாம் முடிந்திருந்தது. மிகா அவன் மார்பின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. நெலிதா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நாயின் இடது முன்னங்காலை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். ஒரே ஒரு விரல் மட்டும் வெள்ளையாக இருந்தது. அவள் அழவில்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு என்னை மறுபடி 'நீ' என்றாள்.

"இது லோபாவோட குட்டி. நீ வாய்க்கால்ல விடச் சொன்னதுல ஒண்ணு. ஹசிந்தோ கைலேர்ந்து இத மட்டும் புடுங்கிட்டு வந்து, நீ திரும்பற வரைக்கும் இந்தச் சமையக்கட்டுல வளத்தேன். நீ வர்ற அன்னைக்குக் காலைல தூனுயான் டவுன்ல நாய் டாக்டர்கிட்ட விட்டுட்டு வந்தேன், யாருக்காவது குடுத்துடுங்கன்னு. யாருக்குக் குடுத்தாருன்னுகூட எனக்குத் தெரியாது. என்னைக்காவது ஒரு நாள் இந்தப் பக்கம் வருமான்னுதான்யா அந்தப் பலகைய எழுதி மாட்டினேன்."

அந்தப் பொட்டலத்தையும் ஏப்ரனிலிருந்து எடுத்துப் போட்டாள். முதல் நாளே ரமிரோவிடம் விஷயத்தைச் சொல்லிக் கொண்டுவரச் சொல்லியிருந்த மிகாவின் போட்டோக்கள். குட்டியாக இருந்தபோதிலிருந்து, பிறந்த நாள் தொப்பியோடு, பஸ் ஸ்டியரிங்கின் மேல் காலை வைத்துக்கொண்டு.

ஆக, அவன் முதல் தடவை வருகிறேன் என்று சொன்னது உண்மைதான். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும், வக்கீலம்மா. நான் அந்த நாயைச் சரியாகத்தான் படித்தேன். அந்த நான்கு மாதம் என்று நான் போட்ட கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை. வீட்டில் எல்லோரும் என்னிடம் ஒன்றை மறைக்கிறார்கள் என்றேன்; மறைத்தார்கள். முதல் நாளே நெலிதா வாயைத் திறந்து சொல்லியிருந்தால் ஒரு மனிதன் இன்றைக்கு பஸ் ஓட்டிக்கொண்டிருப்பான். அவளுடைய பங்கையும் நீங்கள் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை, நினைவுபடுத்துகிறேன், அவ்வளவுதான்.

மற்றபடி எல்லாம் நான் செய்தது. ஃபேனை நிறுத்தியது நான். தாங்கியை மாற்றியது நான். அடி வரிசை என்று இடம் சொல்லி அனுப்பியது நான். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றவனும் நான்தான். ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்தேன், ஒன்றையும் மறக்கவில்லை. இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? அந்தச் சொல்லை எடுத்துவிட்டுக் கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நெலிதா இப்போது அந்தப் பலகை அடித்த மரத்தடியில்தான் நாயோடு உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்குள் வருவதில்லை. நான் கிளம்புவதற்கு முன்னால் மண் சட்டியைக் கழுவி, வாய்க்கால் தண்ணீர் வேண்டாம் என்று கிணற்றுத் தண்ணீராகவே மொண்டு கொண்டுபோய் மிகாவின் முன்னால் வைத்தேன். அது முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து போய் வெயிலில் படுத்துக்கொண்டது. மாற்றிக் கொண்டுவந்து வைத்தேன், அப்போதும் குடிக்கவில்லை. சட்டி கொஞ்சம் சூடாகியிருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.